போனில் வந்தால் குற்றமில்லை

"நீ வீட்டுக்கு மட்டும் வராதை பிள்ளை. மற்றதெல்லாம் நீயே செய்."

இதைச் சொன்ன பக்கத்து வீட்டு இரஞ்சிதம் யதுர்ஷிகாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கதிரையின் நுனியில் இருந்துகொண்டு சீமெந்து நிலத்தைப் பார்த்தாள். அவளுடைய மகள் நிலுக்சியின் கலியாணத்துக்கு இன்னும் ஒரு கிழமைகூட இல்லை. இரண்டு வளவுக்கும் இடையில் ஒரு தகர வேலிதான். கலியாணப் பொம்பிளையை அலங்கரித்து வெளிக்கிடுத்துவது யதுர்ஷிகாதான் என்று மாதக்கணக்காகக் கதைத்து, தலையில் வைக்கிற பூவின் நிறம் வரைக்கும் முடிவாகியிருந்தது.

"வராமல் எப்பிடி அன்ரி வெளிக்கிடுத்திறது?"

"அதுக்குத்தானே போன் இருக்கு. உன்னோட சேர்ந்து வேலை பழகிற றினோஸா உள்ளுக்கு நிண்டு செய்யட்டும். அது கலியாணமாகாத பிள்ளை, அதில ஒண்டுமில்லை. நீ இஞ்ச இருந்து வீடியோ கோலில சொல்லிக் குடு. நான் ஐயரையும் கேட்டிட்டன். போனில வந்தா ஒரு குற்றமுமில்லையாம்."

ஐயர் பாவம். இப்படி ஒரு கேள்விக்கு எந்தச் சாத்திரத்தைப் புரட்டினாரோ, அல்லது கேட்ட மனுசி மனம் நோகாமல் போகட்டும் என்று வாயில் வந்ததைச் சொன்னாரோ, யாருக்குத் தெரியும்?

குசினி வாசலில் நின்ற யதுர்ஷிகாவின் தாய் கமலாட்சி கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். "உன்னை விலக்கேல்லைத்தானே, யது. நல்ல நாளில ஒரு கதை வந்திடப்படாதெண்டுதானே அவா சொல்லுறா."

யதுர்ஷிகாவுக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். களைப்புத்தான் வந்தது. பரந்தன் வீதியில் ஒரு டிப்பர் லொறி அவளுடைய கணவன் தர்சனின் மோட்டார் சைக்கிளை இடித்துப் போட்டுவிட்டுப் போய் மூன்று வருசமாகிறது. அன்றிலிருந்து இதே கதையை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். சாமத்தியவீட்டில் பின்வரிசைக் கதிரையைக் காட்டிச் சொன்னார்கள். புதுவீடு குடிபூரலுக்கு அழைப்பு வைக்காமல் மறுநாள் பலகாரம் அனுப்பிச் சொன்னார்கள். இவ்வளவு தன்மையாக, வழியையும் கண்டுபிடித்துக்கொண்டு வந்து சொன்னது இரஞ்சிதம்தான்.

இரஞ்சிதத்தின் நெற்றியில் எப்போதும் ஒரு பெரிய குங்குமப் பொட்டு இருக்கும். அவளுடைய மனுசன் செல்வநாயகம் சண்டையின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். படத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் இருக்காத போராட்டப் பந்தல் இல்லை, ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. செத்துவிட்டார் என்று சொல்ல ஆருமில்லை. இருக்கிறார் என்று சொல்லவும் ஆருமில்லை. அந்தப் பொட்டுத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதனால்தானோ என்னவோ, சுமங்கலி வழக்கங்களை தண்ணீரூற்று ஊரின் அந்தத் தெருவிலேயே இறுக்கிப் பிடித்தவள் அவள்தான்.

"நிலுக்சிக்குத் தெரியுமே?" என்று யதுர்ஷிகா கேட்டாள்.

"அவளுக்குப் பிறகு சொல்லுவம்."

இது யதுர்ஷிகா வெளிக்கிடுத்தப் போகிற முதல் பொம்பிளை. ஒரு கலியாணத்தைத் தன் கையால் செய்து, அதை இன்னார்தான் செய்தது என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதும். பிறகு வேலை தானாக வரும், ஆரையும் பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை என்று அவள் நம்பியிருந்தாள். இப்போது மாட்டேன் என்றால் இருக்கிற ஒன்றும் போய்விடும். கலியாணத்தன்று நிலுக்சியின் முகத்தையும் வேறு ஆரோ கெடுத்துவிடுவார்கள்.

"சரி அன்ரி. போனில சொல்லுறன்."

தர்சனின் சாமான்களில் அவளுக்கு மிஞ்சியது ஒரு மூலை வெடித்த அவனுடைய போன்தான். முதல் மாதங்களில் அவன் படங்களைப் பார்க்கத்தான் அதைத் தொடுவாள். ஒரு நாள், யாரோ ஒரு பெண் சேலைக் கொய்யகம் மடிக்கிற வீடியோ தானாக வந்தது. பொழுதுபோகப் பார்த்துக்கொண்டிருந்தவள் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து ஒரு சேலையை எடுத்தாள். அப்படித்தான் தொடங்கியது.

முல்லைத்தீவு டவுனில் இந்த வேலை பழக்குகிற இடம் இல்லாமலில்லை. பஸ் ஏறிப் போனால், தெருமுனையிலிருந்து டவுன் வரைக்கும், புருசன் செத்தவளுக்கு எதற்கு இந்த மினுக்கல் என்று கேட்க ஆள் இருந்தது. போன் அவளிடம் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. கிணற்றடியில், வேலி மூலையில் நின்றால்தான் சிக்னல் ஒழுங்காக வரும். அங்கே இருக்க ஒரு வாங்கைப் போட்டு, கிணற்றடித் தூணுக்குச் சேலை உடுத்தி, தலையணையைக் கதிரையில் கட்டி வைத்துக் கொண்டை போட்டு, அவிழ்த்து, திரும்பப் போட்டாள். அவளுக்குக் குருவென்று ஆருமில்லை. விளங்காத இடத்தில் நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, விளங்கும் வரைக்கும் பார்த்தாள்.

றினோஸா வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நவ்பரின் மகள். குடும்பம் இடம்பெயர்ந்து போயிருந்த புத்தளத்தில் பிறந்து, ஊருக்குத் திரும்பி வந்து வளர்ந்தவள். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் வீட்டில் இருந்துகொண்டு, போனைப் பார்த்து மருதோன்றிக் கோலம் பழகினாள். "அக்கா, உங்கட கையைக் கொஞ்சம் தாங்கோ, போட்டுப் பாக்க" என்று வந்தவள் பிறகு போகவேயில்லை. யதுர்ஷிகாவின் சிவந்த கையைக் கண்ட கமலாட்சி, கொஞ்ச நாளைக்கு மறைத்துக்கொண்டு திரி என்றாள்.

இரண்டு பேரும் படித்ததில் பாதி, வீடியோவில் சொன்னது பிழைத்துப்போனதால் படித்தது. வீடியோவில் வருகிறவர்கள் குளிரூட்டிய மண்டபங்களில் வேலை செய்கிறவர்கள். அவர்கள் சொன்னபடி அளவு பிசகாமல் றினோஸாவின் முகத்தில் பூசிவிட்டு வன்னி வெயிலில் இருக்கவைத்தால், மத்தியானத்துக்குள் எல்லாம் கழுத்துக்கு இறங்கிவிட்டது.

"உம்மா கண்டா ஜின் புடிச்சிட்டுதெண்டு ஓதிப் பாக்கத் தொடங்கிடுவா" என்று றினோஸா சிரித்தாள். தர்சன் போன பிறகு யதுர்ஷிகா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வீடியோக்களின் கருத்துப் பகுதியில் கேள்வி போட்டார்கள். மட்டக்களப்பிலிருந்து ஒரு பெண் பதில் எழுதினாள்: முதலில் ஐஸ் ஒற்றுங்கள், பிறகு மெல்லிசாக, ஒன்று காய்ந்த பிறகு மற்றது. குருநாகலிலிருந்து ஒரு சிங்களப் பிள்ளை, மொழி தெரியாமலே, தான் கொண்டை ஊசி குத்துகிற விதத்தைப் படமாகப் பிடித்து அனுப்பினாள். இப்படித் தேடித் தேடி, எங்கள் நிறத்தை வெள்ளையடிக்காமல் அதே நிறத்தில் துலங்க வைக்கிற விதத்தை யதுர்ஷிகா தன் கைக்குக் கொண்டுவந்தாள். நிலுக்சியை ஒருநாள் இருத்தி ஒத்திகை பார்த்தபோது, கண்ணாடியைப் பார்த்த பிள்ளை முகத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "நான்தான் இது, என்ன அக்கா?" என்றுதான் கடைசியில் கேட்டாள்.

கலியாணத்தன்று காலை, அவசரத்துக்குத் தயாராக்கி வைத்த அலங்காரச் சாமான் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யதுர்ஷிகா கிணற்றடி வாங்கில் இருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நாதஸ்வரப் பாட்டு ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது. அதே பாட்டு ஒரு மூச்சுப் பிந்திப் போனுக்குள்ளாலும் வந்தது. அந்தப் பிந்தலைக் கேட்கக் கேட்க அவளுக்குத் தலையிடித்தது.

றினோஸா தன் போனை இரஞ்சிதம் வீட்டுக் கூடத்தில் உயரத்தில் சாத்தி வைத்திருந்தாள். பொம்பிளைக்குப் பால் அறுகு வைக்கிற நேரம். சுமங்கலிகள் ஒவ்வொருவராகப் பாலில் தோய்த்த அறுகம்புல்லை அவள் தலையில் வைத்து, பிறகு முழுக வார்ப்பார்கள். முதல் ஆளாகக் கமலாட்சி வைத்தாள். தாய் தலை நிறையப் பூவோடு நின்றதை மகள் போனில் பார்த்தாள்.

அடுத்ததாக இரஞ்சிதம் பால் கிண்ணத்தோடு முன்னுக்கு வந்தாள். பச்சைப் பட்டு, பெரிய பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி. மகளுக்குப் பால் அறுகு வைக்கப் போகிற தாயின் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

"ரஞ்சிதம், கொஞ்சம் பின்னுக்கு நில்லு."

சொன்னது செல்வநாயகத்தின் தமக்கை இராசேஸ்வரி. யாழ்ப்பாணத்திலிருந்து முதல் நாளே வந்து, தாரை வார்க்கிற பொறுப்பைத் தானும் புருசனும் எடுத்திருந்தவள்.

"ஏன் மச்சாள்?"

"நீ குறை நினையாதை. தம்பி இருக்கிறானோ இல்லையோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நல்ல காரியத்தில சந்தேகமானதை வைக்கக் கூடாது. மாப்பிளை வீட்டாரும் கேட்டவை, தாய்தான் வைக்கிறாவோ எண்டு. பிள்ளைக்காகத்தான் சொல்லுறன்."

இராசேஸ்வரி கெட்ட மனுசி இல்லை. தம்பியை நினைத்து அழுது கண் கெட்டவள். இந்த வார்த்தையையும் மெதுவாக, இரஞ்சிதத்தின் தோளில் கையை வைத்துத்தான் சொன்னாள். வழக்கம் என்பது கெட்டவர்களை நம்பி இருப்பதில்லை. இப்படி நல்லவர்கள் தோளில் கை வைத்துச் சொல்லும்போதுதான் அது உறுதியாக நிற்கிறது.

இரஞ்சிதம் கிண்ணத்தை யாரிடமோ கொடுத்துவிட்டுப் பின்னுக்குப் போனாள். போனின் படத்தில் அவள் நின்ற இடம் வெறுமையானது. கமலாட்சி தன் தலைப் பூவைச் சரிசெய்துகொண்டாள். அடுத்த சுமங்கலி அறுகை எடுத்தாள்.

உனக்கு நல்லாய் வேணும் என்று நினைக்க ஒரு கணம் யதுர்ஷிகாவின் மனம் எழும்பியது. எழும்பின வேகத்திலேயே விழுந்தும் விட்டது. தன்னை வரவேண்டாம் என்று சொன்ன மனுசி எங்கே போய் நிற்கிறாள் என்று படத்தின் ஓரங்களில் தேடினாள்.

முழுகவார்த்து முடிந்து, பொம்பிளையை அறைக்குள் கொண்டுவந்தார்கள். றினோஸா போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அக்கா, தலை நல்லா ஈரம். எண்ணெயும் கனக்க வச்சிட்டாங்க. ஊசி வழுக்குது."

"முதல் துவாயால இறுக்கி ஒத்து. பிறகு..."

படம் நின்றது. றினோஸாவின் வாய் பாதி திறந்தபடியே நின்றது. வந்திருந்த சனம் முழுக்க அதே சிக்னலில் வெளிநாட்டுச் சொந்தங்களுக்குக் கலியாண வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தால் வேறென்ன நடக்கும்? யதுர்ஷிகா திரும்பத் திரும்ப எடுத்தாள். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டேயிருந்தது.

போன் செத்துப்போனாலும் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கத்தான் செய்தது. அறை ஜன்னல் இந்தப் பக்கம் பார்த்த ஜன்னல்.

"யது அக்கா எங்க?" என்று நிலுக்சி கேட்பது கேட்டது. "இவ்வளவு நேரமும் வாறா வாறா எண்டு சொன்னனீங்கள்."

"போனில சொல்லித் தருவா" என்றாள் றினோஸா.

"போனில என்னத்துக்கு? அவா என்ன கனடாவிலயே இருக்கிறா? அந்தா, வேலிக்கு அங்கால இருக்கிறா."

பிறகு அழுகை கேட்டது. அழுதால் கண் வீங்கும், வீங்கினால் எதைப் பூசியும் சரிவராது என்றுதான் யதுர்ஷிகாவுக்கு முதலில் தோன்றியது. மற்ற எல்லா நியாயங்களையும் யோசித்துக் களைத்துப்போயிருந்த மனத்துக்கு இந்த ஒரு நியாயம் போதுமாக இருந்தது. அவள் எழும்பிப் பெட்டியைத் தூக்கினாள்.

வேலியில் ஒரு தகரம் கழன்ற இடம் உண்டு. தேங்காய் துருவ, உப்புக் கேட்க, இரண்டு வீடும் நாளும் பொழுதும் புகுந்து வருகிற வழி. அதற்குள்ளால் போனால் களவாகப் போனதாக இருக்கும் என்று நினைத்து, அவள் தன் படலையைத் திறந்து தெருவுக்கு இறங்கினாள். வாழை கட்டின முன்வாசல் வழியாகப் போனாள். பந்தலின் கீழ் இருந்த சனம் அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தது, பெட்டியைப் பார்த்தது, பிறகு ஆளையாள் பார்த்தது.

வாசலுக்குப் பக்கத்தில் இரஞ்சிதம் நின்றாள். நிறைகுடத்துக்கு முன்னால் குனிந்து, நேராக இருந்த குத்துவிளக்குத் திரியை நேராக்கிக்கொண்டு நின்றாள்.

"போன் நிண்டிட்டுது அன்ரி" என்றாள் யதுர்ஷிகா.

இரஞ்சிதம் நிமிர்ந்தாள். "நீ பாத்தனியோ?"

"ஓம்."

"எனக்கு அவர் இருக்கிறார் பிள்ளை."

"ஓம் அன்ரி."

அதற்குப் பிறகு அவர்களுக்குள் ஒரு மன்னிப்பும் பரிமாறப்படவில்லை. இரஞ்சிதம் மன்னிப்புக் கேட்கிற வகையைச் சேர்ந்தவளும் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தலையில எண்ணெயைக் கொட்டிப் போட்டினம். கொண்டை நிக்குமோ?" என்று கேட்டாள்.

"நிக்க வைக்கலாம்."

"அப்ப போ. நேரம் போகுது."

அறை வாசலில் இராசேஸ்வரி நின்றாள். அவள் கண் நேராக நெற்றிக்குப் போனது. "இது ஆர்?"

பின்னால் வந்த இரஞ்சிதம் பதில் சொன்னாள். "என்ர மகளை வெளிக்கிடுத்திற பிள்ளை, மச்சாள். போனில இவ்வளவு நேரமும் நிண்டது இவதான். கொஞ்சம் வழி விடுங்கோ."

"உனக்கென்ன விசரே, ரஞ்சிதம்? இண்டைக்கு..."

"சந்தேகமான ஆள் ஒண்டு வீட்டில ஏற்கனவே நிக்குதுதானே மச்சாள். இன்னொண்டு வந்தால் என்ன?"

அவள் யதுர்ஷிகாவை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். வெளிப்பக்கமாகத் தானே அதில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

உள்ளே நிலுக்சி யதுர்ஷிகாவின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் ஒரு தரம் வைத்துவிட்டு, கதிரையில் ஒழுங்காக நிமிர்ந்து இருந்தாள். கண்ணுக்கு ஐஸ் ஒற்றினார்கள். அரிசி மாவை மெல்லிய துணியில் கட்டித் தலையில் தட்டி எண்ணெயை உறிஞ்ச வைக்கிற வித்தை எந்த வீடியோவிலும் வந்ததில்லை. கிட்டத்தட்ட மூன்று வருசம் தலையணையோடு மல்லுக்கட்டினவளுக்கு அந்த நேரத்தில் தோன்றியது. றினோஸா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். பூவை யதுர்ஷிகா தன் கையாலேயே வைத்தாள். வைக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வெளியிலிருந்து அறைக்குள் வராத எல்லா வார்த்தைகளும் அவள் தலைக்குள் எத்தனையோ காலமாக இருந்தன.

பிறகு தாலி கட்டுகிற மண்டபத்திலும் அவள் நிற்க வேண்டியிருந்தது. தாலிக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கிற கூறைச் சேலையை உடுத்திவிட வேறு ஆள் இல்லை. உடை மாற்றுகிற அறையின் வாசலிலிருந்து அவளும் இரஞ்சிதமும் பார்த்தார்கள். இராசேஸ்வரியும் புருசனும் தாய் தகப்பன் நிற்கிற இடத்தில் நின்று தாரை வார்த்தார்கள். ஐயர் பொம்பிளையின் தகப்பன் பெயராகச் செல்வநாயகத்தின் பெயரைச் சொன்னார்; இரஞ்சிதத்தின் கை தன்னையறியாமல் தாலிக்கொடியைத் தொட்டது.

கூறை உடுத்தி நிலுக்சி வெளியே வந்தபோது சனம் கதையை நிறுத்திப் பார்த்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள், ஆர் வெளிக்கிடுத்தினது, ஆர் வெளிக்கிடுத்தினது என்று விசாரித்தார்கள். றினோஸா கேட்டவர்களுக்கெல்லாம் யதுர்ஷிகாவின் பெயரைச் சொல்லி, ஆள் அந்தா அந்த அறைக்குள் நிற்கிறா என்று கையால் காட்டியும் விட்டாள்.

தாலி கட்டி முடிந்த பிறகு, இராசேஸ்வரி அந்த அறைக்குள் வந்தாள். காலையில் இருந்த இறுக்கம் முகத்தில் இல்லை.

"நல்ல வடிவாச் செய்திருக்கிறாய் பிள்ளை. பொய் சொல்லக் கூடாது. பொம்பிளை அம்மன் மாதிரி இருக்கு."

யதுர்ஷிகா தலையை ஆட்டினாள்.

"என்ர மகளுக்கும் தையில கலியாணம். உன்னைக் கொண்டுதான் செய்விக்க வேணுமெண்டு எனக்கு விருப்பம்." இராசேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். "நீ யாழ்ப்பாணத்துக்கு அலைய வேண்டாம். அங்க ஒரு பிள்ளையைப் பிடிச்சுத் தாறன், நீ போனில சொல்லிக் குடுத்தாக் காணும். போனில எண்டா ஒருத்தருக்கும் ஒரு மனக்குறையும் வராது."

றினோஸா வாயைத் திறந்தாள். யதுர்ஷிகா அவளைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். விடியற்காலையிலிருந்து நின்ற கால் கடுத்தது. ஓம் என்று சொன்னால் இன்னொரு பொம்பிளை. தை மாதத்தில் வேலை. அதைப் பார்த்து இன்னும் வேலை. எல்லாம் வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்தே.

"போனில பாத்து நான் பழகினனான் அன்ரி" என்றாள். "வேலை கையாலதான் செய்யிறது. கூப்பிடுறதெண்டா ஆளைக் கூப்பிடுங்கோ, வாறன்."

"அதுக்கு... வீட்டில கேக்க வேணும்."

"கேட்டுச் சொல்லுங்கோ."

வெளியில் பொம்பிளை மாப்பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்க ஆட்களைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. இராசேஸ்வரியின் பெயர் முதலில் வந்தது. அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு போனாள். பிறகு கமலாட்சி, பிறகு மாப்பிள்ளை வீட்டில் ஒருத்தி, இன்னொருத்தி. பொம்பிளையின் தாயை ஒருவரும் கூப்பிடவில்லை.

இரஞ்சிதம் கடைசிப் பெயர் வரைக்கும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு பச்சைப் பட்டோடு நிலத்தில் இருந்தாள்.

"அந்தப் பெட்டியை இஞ்சால தள்ளு பிள்ளை" என்றாள். "விழுந்த ஊசியளை நான் பொறுக்கித் தாறன்."